உறைகடலின் நாட்குறிப்பு

1915ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள். தென்முனைக் கண்டத்தை ஒட்டிய வெட்டல் கடலில் 'எண்டூரன்ஸ்' என்னும் கப்பல் பனியில் சிக்கி அசைவற்று நின்றது. எர்னஸ்ட் ஷேக்கிள்டன் தலைமையில் அதில் இருந்தோர் 28 பேர். திசையறியக் கருவி இருந்தது. விண்மீன்களைக் கொண்டு தாம் நிற்கும் இடத்தைக் கணிக்கும் திறமையும் இருந்தது. இல்லாதது ஒன்றே. தம்மைச் சூழ்ந்த பனி எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் நீர் திறந்திருக்கிறது என்று சொல்லும் வரைபடம் அவர்களிடம் இல்லை. பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்றவனுடைய கண் எட்டிய தொலைவே அவர்களது அறிவின் எல்லையாயிற்று. ஏறத்தாழ பத்து மாதம் பனியோடு பனியாக மிதந்து நொறுங்கிய அக்கப்பல், அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் மூழ்கியது. அதில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தது தனியாகச் சொல்லத்தக்க வரலாறு.

இன்று அதே கடலில் பனியின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை, உலகின் எம்மூலையில் இருப்பவரும் நேற்றைய வரைபடத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன? வெறும் கருவிகளின் வெற்றி என்று அதனைக் கூறிவிட முடியாது. பொறுமையோடு, இடைவிடாது, கைமாற்றிக் கைமாற்றி எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பின் கதை அது.

கடற்பனி என்பது

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1912இல் 'டைட்டானிக்' கப்பலை மூழ்கடித்தது பனிமலை. நிலத்தின் மேல் பொழிந்த பனி நெடுங்காலம் இறுகிக் கட்டியாகி, உடைந்து கடலில் விழுந்து மிதப்பதே பனிமலை. கடற்பனி அவ்வாறானதன்று. கடல்நீரே உறைந்து உண்டாவது அது. உப்பு கலந்த நீராதலால், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.8 பாகை செல்சியஸில்தான் அது உறையத் தொடங்குகிறது. உறையும்போது உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. சில அடிக் கனமே உள்ள இப்போர்வை, காற்றாலும் நீரோட்டத்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். விரியும், பிளக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகும்.

தென்முனையைச் சூழ்ந்த கடற்பனி, கோடையின் இறுதியில் ஏறத்தாழ 30 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, குளிர்காலத்தின் இறுதியில் சுமார் 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீட்டராக விரிவது நெடுநாள் வழக்கம். பூமியின் மீது ஆண்டுதோறும் நிகழும் மாற்றங்களில் இதைவிடப் பெரியவை மிகச் சில. ஆயினும் மனிதன் இதனை முழுமையாகக் கண்டதில்லை. திமிங்கில வேட்டைக்காரர்களின் குறிப்பேடுகளும், கப்பல் தலைவர்களின் அறிக்கைகளும், கரையோர ஊரார் கண்டு சொன்னவையும் துண்டு துண்டாகக் கிடைத்தன. டென்மார்க்கின் வானிலைத் துறை அவற்றைத் திரட்டி வடகடலின் பனி வரைபடங்களைப் பல பதிற்றாண்டுகள் வெளியிட்டு வந்தது. பிற்காலத்தில் விமானங்களும் பறந்து பார்த்தன. எனினும், கப்பல் செல்லாத இடமும், விமானம் பறக்காத நாளும் வரைபடத்தில் வெற்றிடமாகவே நின்றன.

மேகத்துக்கு மேலிருந்து

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமெரிக்கா 'டைரோஸ்-1' என்னும் முதல் வானிலைச் செயற்கைக்கோளை ஏவியது. அதன் பின் வந்த 'நிம்பஸ்-1', 1964 ஆகஸ்டு 28இல் ஏவப்பட்டு ஒரு மாத காலமே இயங்கிற்று. அது எடுத்த படங்கள் மேகங்களை ஆராய்வதற்காக எடுக்கப்பட்டவை. வேலை முடிந்ததும் அப்படச்சுருள்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கிடங்கிற்குப் போயின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, கொலராடோ மாநிலத்தின் பௌல்டர் நகரிலுள்ள தேசியப் பனித் தரவு மையத்தைச் சேர்ந்தோர் அவற்றைத் தேடியெடுத்தனர். ஒவ்வொரு படத்தையும் கணினியில் ஏற்றி, மேகமற்ற பகுதிகளை மட்டும் பொறுக்கி ஒட்டுப்போட்டனர். 1964 செப்டம்பரில் தென்முனைக் கடற்பனி ஏறத்தாழ 1 கோடியே 97 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது என்பது 2013இல் இவ்வாறு வெளிப்பட்டது. படமெடுத்தவர்கள் கேட்காத வினாவுக்கு, அவர்கள் எடுத்த படமே விடை வைத்திருந்தது!

ஆனால் ஒளியால் எடுக்கும் படத்திற்கு இரு பெருந்தடைகள் உண்டு. முனைப்பகுதிகளில் மாதக்கணக்கில் கதிரவன் எழுவதில்லை. எழும் காலத்திலோ மேகம் மூடிக்கொள்கிறது. பனி மிக விரிந்திருக்கும் குளிர்காலமே கண்ணுக்குப் புலப்படாத காலம். இருட்டிலும் மேகத்தினூடும் பார்க்கும் கண் ஒன்று தேவையாயிற்று.

குளிர்ந்ததே ஒளிரும்

அக்கண் நுண்ணலைக் கருவியாகும். வெப்பம் உள்ள எப்பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளிவிடுகிறது. அவற்றில் நீண்ட அலைகளான நுண்ணலைகளுக்கு இருள் ஒரு பொருட்டன்று. மேகமும் பெரும்பாலும் தடையன்று. ஆனால் எல்லாப் பொருளும் ஒரே தாராளத்தோடு அவற்றை வெளிவிடுவதில்லை. கடற்பனி தன்னால் இயன்றதில் பத்தில் ஒன்பது பங்குவரை வெளிவிடும். கடல்நீரோ ஏறக்குறையப் பாதியைத்தான் விடும். ஆதலால், தன்னைவிட வெப்பமான நீருக்கு அருகே, குளிர்ந்த பனி நன்கு ஒளிர்ந்து தோன்றுகிறது. எது குளிர்ந்ததோ அதுவே பிரகாசமாகத் தெரியும் இவ்விந்தையின் மேல்தான் கடற்பனி வரைபடக் கலை முழுவதும் கட்டப்பட்டுள்ளது.

1972 டிசம்பரில் ஏவப்பட்ட 'நிம்பஸ்-5' இத்தகைய கருவி ஒன்றைச் சுமந்து சென்றது. இரு முனைகளின் கடற்பனியும் குளிர்காலத்திலும் கோடையிலும் முழுமையாக மனிதனின் பார்வைக்கு வந்தது அதன் பின்னரே. வந்த சிறிது காலத்திலேயே ஒரு வியப்பும் காத்திருந்தது. 1974ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஷேக்கிள்டனின் கப்பலை விழுங்கிய அதே வெட்டல் கடலில், எங்கும் பனி மூடியிருக்க வேண்டிய வேளையில், நடுவே பெரியதொரு திறப்புத் தெரிந்தது. பிரிட்டன் தீவினும் பெரிய பரப்பு அது. 1975இலும் 1976இலும் மீண்டும் தோன்றிற்று. ஆழத்திலிருந்து சற்று வெப்பமான நீர் மேலெழுந்து, பனி உண்டாகாதபடி தடுத்ததே காரணம் என்று ஆய்வாளர் விளக்கினர். பின்னர் அது பல ஆண்டுகள் அந்த அளவில் தோன்றவில்லை. 2016இலும் 2017இலும் சிறிய அளவில் திரும்பி வந்தது. கருவி மட்டும் அன்று விண்ணில் இல்லாதிருந்தால், அப்பெருந்திறப்பை நாம் அறிந்தே இருக்க மாட்டோம்.

புதிய படியும் பழைய படியும்

1978 அக்டோபர் 24ஆம் நாள் 'நிம்பஸ்-7' ஏவப்பட்டது. இன்றுவரை நீளும் தொடர்பதிவு அதிலிருந்தே தொடங்குகிறது. பல அலைநீளங்களில் அளந்த அதன் கருவி, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த ஒருநாள் விட்டு ஒருநாள் இயங்கியது. 1987இல் அது தளரும் தறுவாயில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று புதிய நுண்ணலைக் கருவியோடு விண்ணேறியது. படையினருக்கு வானிலை சொல்லச் சென்ற அக்கருவியும் அதன் வழிவந்தவையும், பனியின் நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதலாயின.

இங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நெல் அளக்கும் பழைய படி தேய்ந்து புதிய படி வாங்கினால், அதே நெல்லை இரண்டாலும் அளந்து பார்த்த பின்னரே கணக்கைத் தொடர்வது நம் களத்து வழக்கம். இன்றேல், படி மாறியதை விளைச்சல் மாறியதாக எண்ணி ஏமாறுவோம். அதுபோல, பழைய கருவியும் புதிய கருவியும் ஒருசேர இயங்கி ஒரே கடலைப் பார்த்த காலம் 1987 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏறத்தாழ ஆறு வாரம். அவ்வாறு வாரத்து அளவுகளை ஒப்பிட்டே இரண்டு பதிவுகளும் ஒரே பதிவாக இணைக்கப்பட்டன. அடுத்தடுத்து வந்த கருவிகளையும் இவ்வாறே இணைத்தனர். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கோடார்டு மையத்தில் பெர் குளோர்சன், ஜே சுவாலி, டொனால்டு கவலியரி, கிளேர் பார்க்கின்சன், பிலிப்பைன்ஸில் பிறந்த ஜோசபினோ கொமீசோ முதலியோர் ஆண்டுக்கணக்கில் இப்பணியில் உழைத்தனர்.

கணக்கிடும் முறை எளியதே. கடலை 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிக்கின்றனர். ஒரு கட்டத்தில் நூற்றுக்குப் 15 பங்கேனும் பனி இருப்பதாகக் கருவி சொன்னால் அக்கட்டம் பனிப்பரப்பில் சேரும்; குறைந்தால் சேராது. அத்தகைய கட்டங்களின் பரப்பைக் கூட்டினால் அன்றைய அளவு கிடைக்கும்.

வரைபடம் காட்டாதவை

இக்கண்ணுக்கும் குறைகள் உண்டு. அவற்றை அறிஞர்கள் மறைப்பதில்லை. கோடையில் பனியின் மேல் உருகி நிற்கும் குட்டைகளை அது திறந்த கடல் என்று எண்ணிவிடும். புதிதாக உறைந்த மெல்லிய பனியைக் குறைத்து மதிப்பிடும். செயற்கைக்கோளின் பாதை வடமுனைக்கு நேர்மேலே செல்லாததால், முனையைச் சுற்றி ஒரு வட்டம் எப்போதும் காணப்படாமலே நிற்கும். கருவிகள் மாற மாற அவ்வட்டம் சிறுத்து வந்திருக்கிறது.

இவற்றினும் பெரிய குறை, 25 கிலோமீட்டர் என்னும் கட்டத்தின் அகலமே. கனடாவின் வடகோடியில் உறைந்த கடலின் மேல் சறுக்குவண்டியில் செல்லும் இனுயிட் வேட்டைக்காரருக்கு வேண்டுவது, தம் காலடிப் பனி தாங்குமா என்ற விடை. தலைமுறைகளாகப் பனியின் நிறத்தையும் ஓசையையும் உறுதியையும் பயின்ற அவருடைய அறிவுக்கு, அவ்வளவு அகன்ற கட்டம் மாற்றாகாது. கப்பல் மாலுமிக்கும் அப்படியே.

ஆதலால் வேறொரு கண்ணையும் மனிதன் தேடினான். ரேடார் தானே அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரையும். மழமழப்பான இளம்பனி, மேடுபள்ளமான முதுபனி, இடையே ஓடும் நீர்ப்பிளவு ஆகியவற்றை அது சில பத்து மீட்டர் நுட்பத்தில் பிரித்துக் காட்டும். 1978இல் ஏவப்பட்ட 'சீசாட்' நூறு நாள்களைச் சற்றே கடந்து ஓய்ந்தாலும் அவ்வழியைத் திறந்துவிட்டது. 1991இல் ஐரோப்பாவின் 'இ.ஆர்.எஸ்-1', 1995இல் கனடாவின் 'ரேடார்சாட்-1', 2014இல் 'சென்டினல்-1ஏ' என அவ்வரிசை வளர்ந்தது. இப்படங்களை வைத்துக்கொண்டு பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் பனியின் எல்லைகளைத் தம் கையாலேயே வரையும் வழக்கம், கணினிகள் பெருகிய பின்னரும் பனிச் சேவை நிலையங்களில் நீடித்து வந்தது.

2022 மார்ச்சில் 'அகுல்லாஸ்-2' என்னும் தென்னாப்பிரிக்கக் கப்பல் வெட்டல் கடலின் பனிக்குள் நுழைந்து, சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த 'எண்டூரன்ஸ்' கப்பலைக் கண்டுபிடித்தது. அதற்கு வழிகாட்டியவற்றுள் செயற்கைக்கோள் ரேடார் படங்களும் இருந்தன. மூழ்கிய இடத்தைக் குறித்து வைத்ததோ 1915இல் அக்கப்பலின் தலைவராயிருந்த பிராங்க் வொர்ஸ்லியின் கைக்கணக்கு. அது சுமார் 4 கடல்மைல் தொலைவே தவறியிருந்தது! மேலிருந்து பார்த்த கண்ணும், பனியின் மேல் நின்று எழுதிய கையும் அங்கே ஒன்றையொன்று நிறைவு செய்தன.

பரப்பை அளந்தாலும் கனத்தை அளக்காவிட்டால் கணக்கு நிறைவாகாது. பனிக்கடியில் சென்ற நீர்மூழ்கிப் போர்க்கப்பல்கள் மேல்நோக்கி ஒலியலை அனுப்பி எடுத்த அளவுகள், பனிப்போர் முடிந்தபின் ஆய்வாளருக்குக் கிடைத்தன. வட ஆர்க்டிக்கின் ஆழ்கடற்பகுதியில், 1958 முதல் 1976 வரையுள்ள காலத்தில் சராசரியாக 3.1 மீட்டராக இருந்த கோடை இறுதிப் பனி, 1990களில் 1.8 மீட்டராக மெலிந்திருந்தது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. 2010இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் 'கிரையோசாட்-2', நீருக்கு மேல் பனி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அளந்து கனத்தைக் கணிக்க வழிசெய்தது. இந்தியா 2009இல் ஏவிய 'ஓஷன்சாட்-2' செயற்கைக்கோளின் கருவி கடற்காற்றை அளப்பதற்கென்று அமைந்ததாயினும், பனியின் எல்லையை அறியவும் பயன்பட்டது.

நாட்குறிப்புச் சொன்னவை

இவ்வாறு எழுதப்பட்ட நாட்குறிப்பைப் புரட்டினால் என்ன காண்கிறோம்? 1980களில் வடகடலின் பனி, செப்டம்பரில் சுருங்கியபோதும் ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2007இல் அது ஏறக்குறைய 42 இலட்சமாக வீழ்ந்தது. 2012 செப்டம்பரில் சுமார் 34 இலட்சமாகியது. செப்டம்பர் மாதப் பரப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் 12 பங்கு வீதம் குறைந்து வந்திருக்கிறது.

தென்முனையின் கதை வேறு. அங்கே பனி பல ஆண்டுகள் சிறிது கூடியே வந்து, 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. புவி வெப்பமாவதை ஐயுற்றவர்கள் அதனைச் சுட்டிக்காட்டினர். நாட்குறிப்போ யார் பக்கமும் சாயாமல் எழுதிக்கொண்டே சென்றது. 2016 முதல் பனி சடுதியில் சரிந்தது. 2023 பிப்ரவரியில் 18 இலட்சத்துக்கும் கீழிறங்கியது. அவ்வாண்டுக் குளிர்கால உச்சமும் சுமார் 1 கோடியே 70 இலட்சத்தோடு நின்று, பதிவு தொடங்கிய நாள்முதல் காணாத குறைவாயிற்று. நேர்மையான சாட்சி, கேட்பவர் விரும்பியதைச் சொல்வதில்லை, கண்டதைச் சொல்கிறது.

மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் நேரடியாக உயர்ந்துவிடாது. குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர் வழிவதில்லையன்றோ? பின் ஏன் கவலை? வெண்பனி போர்த்த கடற்பனி, தன்மேல் விழும் கதிரவன் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்குமேல் திருப்பி அனுப்புகிறது. திறந்த கடலோ பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. பனி விலக விலகக் கடல் வெப்பமாகும். கடல் வெப்பமாகப் பனி மேலும் விலகும்.

பனியை நம்பி வாழும் உயிர்களின் நிலையையும் அதே கண்களே காட்டின. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தென்முனையின் பெல்லிங்ஷவுசன் கடலில் பேரரசப் பெங்குவின் பறவைகள் குஞ்சு வளர்த்த ஐந்து இடங்களை ஆய்வாளர் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தனர். அவற்றில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே காலடிப் பனி உடைந்து போயிருந்தது. குஞ்சுகள் பிழைத்திருக்க வழியில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். மனிதர் எவரும் அருகில் இல்லாத இடத்தில் நேர்ந்த இழப்பு அது.

அறுந்துவிடக்கூடிய இழை

இந்த நாட்குறிப்பின் மதிப்பு, அது விடாமல் எழுதப்பட்டதில்தான் இருக்கிறது. ஓராண்டின் அளவு தனியே எதையும் மெய்ப்பிக்காது. காற்று திசைமாறினாலே ஓராண்டின் பனி கூடும், குறையும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரிசை அறாமல் நின்றபோதே உண்மை தெளிந்தது. அந்த வரிசையோ மிக மெல்லிய இழையால் தொங்கியது. 2014இல் ஏவப்பட்ட ஒரு பாதுகாப்புத் துறைச் செயற்கைக்கோள் 2016 பிப்ரவரியில் கட்டுப்பாட்டை இழந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வேறொன்றின் கருவி பழுதுற்று, பதிவு சில நாள் தடுமாறியது. அவ்வரிசையில் கடைசியாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்த ஒன்றோ, நிதி நிறுத்தப்பட்டதால் விண்ணைக் காணாமலே பிரித்துப் போடப்பட்டது. 2025 ஜூனில், எஞ்சிய கருவிகளின் அளவுகளையும் விரைவில் வெளியிடாது நிறுத்தப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. பின்னர் காலக்கெடு தள்ளிவைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் ஜப்பான் 2012இல் ஏவிய செயற்கைக்கோளின் கருவிக்கு மாறத் தொடங்கினர். அதன் அடுத்த தலைமுறைக் கருவியை அந்நாடு 2025 ஜூனிலேயே விண்ணுக்கு அனுப்பியிருந்தது. மீண்டும் பழைய படியையும் புதிய படியையும் ஒப்பிடும் வேலை தொடங்கியது.

பெருங்கண்டுபிடிப்புகளை உலகம் விழா எடுத்துப் போற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அதே கடலை அதே முறையில் அளந்து குறித்து வைப்பவரைப் போற்றுவோர் சிலரே. ஆயினும், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லத்தக்க செல்வங்களுள் திருத்தப்படாத பதிவும் ஒன்று. விட்டுப்போன நாளைப் பின்னர் எத்தனை பொருள் கொடுத்தாலும் அளக்க இயலாது. 1964ஆம் ஆண்டின் படச்சுருளைப் போல யாரோ எடுத்து வைத்திருந்தால் ஒழிய, சென்ற நாளின் பனியை எந்தக் கண்ணும் திரும்பக் காண்பதில்லை. காண்பவை நமக்கு உவப்பானவையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொடர்ந்து கண்டு குறித்து வைப்பது, நமக்குப் பின் வருவோருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.